ஆங்கிலேயனின் ஜாம்பியும் என் வயிற்றெரிச்சலும்

என் மனைவி சிரிக்கும்போது முதலில் சத்தம் வராது. தோள் குலுங்கும். கண்ணில் தண்ணீர் நிற்கும். அதற்கப்புறம்தான் விக்கல் மாதிரி ஒன்று வெளியே வரும். பத்து வருடமாக எனக்கு இது அத்துப்படி, ஏனென்றால் அதை வரவழைக்கிறவன் நான்தான். போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெஸ்ட்கேட்டில் ஒரு வீட்டு ஹாலில், அதே குலுங்கல், அதே கண்ணீர், அதே விக்கல். வரவழைத்தவன் ஒரு ஆங்கிலேயன். நான் பக்கத்தில் சிப்ஸ் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தப்பான சந்தேகம் எதுவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இன்னொருத்தன் என் மனைவியைச் சிரிக்க வைக்கிறான் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? சொன்னால் கேட்கிறவனும் சிரிப்பான்.

நான் காலேஜில் மிமிக்ரி செய்தவன். வைஸ் பிரின்சிபால் தொண்டையைச் செருமுவதிலிருந்து பஸ் கண்டக்டர் சில்லறை கேட்பது வரை என்னால் முடியும். எங்கள் கல்யாணத்தில் போட்டோகிராபர் மூக்கால் பேசிக்கொண்டு "மேடம் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவர் குரலிலேயே அவள் காதில் மட்டும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொன்னேன். ஆல்பம் முழுக்க அவள் குனிந்து தோள் குலுங்கிக்கொண்டிருக்கிறாள். கல்யாணப் பெண் நேராக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லையே என்று அவளுடைய அத்தைகள் எல்லாம் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பெருமை அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஆக்லாந்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. வீடு நியூ லின்னில். நான் விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர் சிஸ்டம் பார்த்துக்கொள்கிறேன். அவள் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊரில் அவளுடைய அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி. அங்கே விடியற்காலையில் நடந்தது, அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நம் ஊரில் அதற்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். இவள் இங்கிருந்து கிளம்பியிருந்தாலும் சாம்பலைத்தான் பார்த்திருக்க முடியும். யாரோ சித்தப்பா மகன் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான், அதில் பார்த்தாள். படம் நடுநடுவே நின்று நின்று வந்தது.

அப்போது நான் ஒரு முடிவெடுத்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டுதான் என்று என் அம்மா போனில் சொன்னார்கள். எனக்கு அது போதாது என்று பட்டது. ஒரு வருடம் என்றேன். தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது. டிவியில் காமெடி சேனல் பக்கமே போகவில்லை. மிமிக்ரியை மூட்டை கட்டி வைத்தேன். அவள் ஹாலில் இருந்தால் அடுப்படிப் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தேன். மாமனாருக்கு இவ்வளவு மரியாதை செய்கிற மாப்பிள்ளை தங்கம் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். கேட்டு உச்சி குளிர்ந்தேன்.

ஒரு வருடம் முடிந்த அன்றே பழைய சரக்கை எடுத்துவிட்டேன். கண்டக்டர் வந்தார், வைஸ் பிரின்சிபால் வந்தார். அவள் பார்த்தாள். "ம், நல்லா இருக்கு" என்றாள். நோயாளி இரண்டு வாய் கஞ்சி குடித்தால் நர்ஸ் சொல்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆங்கிலேயன் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வர ஆரம்பித்தான். நேரில் இல்லை, அவள் வாய் வழியாக. அவள் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் அவன். இங்கிலாந்தின் வடக்குப் பக்கம். ஐம்பத்தைந்து வயது, வழுக்கை, மனைவி எப்போதோ பிரிந்துவிட்டாள். ஆக்லாந்து வந்து பதினைந்து வருடம் ஆகியும் இங்கே வெயில் அதிகம் என்று குறை சொல்கிறவன். அவள் "அவர்" என்பாள். நான் வாய்க்கு வெளியே "அவர்", உள்ளே "அவன்".

"இன்னிக்கு ஆறு பேர் லீவு போட்டுட்டாங்க. வார்டே தலைகீழா கிடக்குது. அவர் வந்து நின்னு, 'இன்னிக்குக் கொஞ்சம் வேலை இருக்கலாம்'னு சொல்றார்." சொல்லும்போதே தோள் குலுங்கியது.

"இதுல என்ன இருக்கு?"

"இருங்க. மத்தியானம் பிஸ்கட் டப்பா காலி. அதைத் திறந்து பார்த்துட்டு, 'நண்பர்களே, நமக்கு முடிவு வந்துவிட்டது'ங்கிறார்."

விக்கல் வந்தது. நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். பெரிய விஷயத்தைச் சின்னதாகச் சொல்வது, சின்ன விஷயத்துக்கு உலகமே அழிகிற மாதிரி பேசுவது. இவ்வளவுதானே வித்தை? என் காதில் புகை வந்தது.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் ஷிப்ட் முடித்து, வார்டு ஆட்கள் நாலைந்து பேர் அவன் வீட்டில் படம் பார்ப்பார்கள். எப்போதும் ஒரே வகைப் படம்தான்: இங்கிலாந்துக்காரர்கள் எடுத்த ஜாம்பி காமெடி. செத்தவர்கள் எழுந்து வந்து கடிப்பார்கள், கடிபட்டவர்களும் அப்படியே ஆகிவிடுவார்கள், மற்றவர்கள் டீ போடுவார்கள். இவள் மூன்று தடவை போய்விட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் முகம் கழுவி விட்ட மாதிரி பளிச்சென்று திரும்பினாள். நாலாவது தடவை, நானும் வருகிறேன் என்றேன்.

"உங்களுக்குப் பிடிக்காதுங்க."

"எனக்குக் காமெடி பிடிக்காதா? எனக்கா?"

அன்றைக்குப் போட்ட படத்தின் கதையைச் சொல்கிறேன். ஒரு சின்ன ஊர். பெரிய பூசணிக்காய் வளர்த்தவருக்குப் பரிசு கொடுக்கும் நாள். சர்ச் பக்கத்துக் கல்லறையிலிருந்து ஆட்கள் எழுந்து வருகிறார்கள். கமிட்டித் தலைவி, நாற்பது வருடமாக இந்தப் போட்டி நின்றதில்லை, இப்போதும் நிற்காது என்கிறாள். டீக்கு நிற்கிற வரிசையின் நடுவே ஒரு ஜாம்பி புகுகிறது. அதன் வாயில் இருக்கும் ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை, வரிசையில் புகுந்ததைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கிறார்கள். ஒரு கிழவர்தான் தைரியம் வந்து, "மன்னிக்கவும், நாங்கள் முன்னாலேயே நின்றுகொண்டிருக்கிறோம்" என்கிறார். அது அவர் கையைக் கடிக்கிறது. "ஓ, சாரி" என்று அவரே அதனிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

ஹாலே வெடித்தது. நான் அரை நொடி கழித்துச் சிரித்தேன். பஸ் போன பிறகு கை காட்டுகிறவன் நிலைமை.

கிழவர் வீட்டுக்குப் போகிறார். முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக் காயத்தை மறைக்கிறார். அப்போதுதான் கிழவி டீ ஊற்றியிருக்கிறாள், அந்த நேரத்தில் சொல்வது நாகரிகம் இல்லையாம். கிழவிக்குத் தெரிந்துவிடுகிறது. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நாளைக்கு மழை வருமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அவள் அவரைத் தோட்டத்து ஷெட்டில் விட்டுப் பூட்டுகிறாள். "பெயிண்ட் ஈரமாக இருக்கிறது, சாய்ந்துவிடாதே" என்கிறாள். அப்போதுதான் என் மனைவி அந்த மாதிரிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பினாள். அவனும் அதே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினான். அந்தத் திரும்பல்தான் என்னைக் கொன்றது. எதற்குச் சிரிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கிழவியைப் பார்த்துப் பாவமாக இருந்தது, அவ்வளவுதான்.

நம் பேய்ப் படத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கும். பேய்க்கு ஒரு ப்ளாஷ்பேக் உண்டு. யாரோ ஏமாற்றியிருப்பான், யாரோ கொன்றிருப்பான், அவனைத் தேடி வெள்ளைப் புடவையில் வரும். வந்து கத்தும், அழும், நியாயம் கேட்கும். கடிபடுகிற காமெடியன் ஐயோ அம்மா என்று தெருவே கேட்கிற மாதிரி அலறுவான். அந்த அலறலில்தான் எனக்குச் சிரிப்பு. இங்கே செத்தவனுக்கும் கோபமில்லை, கடிபட்டவனுக்கும் குரல் வரவில்லை. உயிர் போகும்போதும் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் வளர்ப்புப் போலிருக்கிறது. எனக்கு வெறுப்பாக வந்தது. இதற்கு ஏன் இவள் இப்படி உருகுகிறாள்?

படம் முடிந்ததும் என் கௌரவத்தை மீட்கப் பார்த்தேன். எழுந்து நின்று, ஒரு ஜாம்பி தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டினேன். கையைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, குரலை ஏற்றி இறக்கி, ஐந்து நிமிடம். ஊரில் செய்திருந்தால் விசில் பறந்திருக்கும். ஆங்கிலேயன் முகம் அசையாமல் பார்த்தான். "வெரி குட்" என்றான். பிறகு, "உண்மையிலேயே வெரி குட்" என்றான். நான் நெஞ்சு நிமிர்ந்து காருக்கு வந்தேன்.

"பார்த்தியா, அவருக்கே பிடிச்சிருக்கு."

அவள் சீட் பெல்ட்டைப் போட்டாள். "அவங்க ரெண்டு தடவை வெரி குட்னு சொன்னா நல்லா இல்லைன்னு அர்த்தம்ங்க."

மறுவாரத்திலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். விரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கேண்டீன் மூலையில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தயிர்சாதத்தோடு ஜாம்பி காமெடி பார்த்தேன். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மேஜை மாறினார்கள். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன்: கத்தக் கூடாது. கையை ஆட்டக் கூடாது. முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. ஜோக் சொன்ன பிறகு அடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. கடைசியாக எழுதியதுதான் எனக்குக் கஷ்டம். அவள் முகத்தைப் பார்க்காமல் நான் வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் சொன்னதில்லை.

ஒரு நாள் சாம்பார் அடிப்பிடித்து அடுப்படி முழுக்கப் புகை. ஸ்மோக் அலாரம் அலறியது. நல்ல சந்தர்ப்பம் என்று, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, "சாம்பாரில் ஒரு சின்ன விஷயம் நடந்திருக்கிறது" என்றேன், அவர்கள் படத்தில் பேசுகிற மாதிரி நிதானமாக. ஜோக் சொன்னவன் அடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் ஜன்னலைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்தாள். "உடம்பு சரியில்லையா? ஏன் ஒரு மாதிரி பேசுறீங்க?" என்றாள். பிறகு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

ஆகஸ்டில் ஆங்கிலேயனின் அம்மா இங்கிலாந்தில் இறந்துபோனாள். வெள்ளிக்கிழமை அவன் வார்டு ஆட்களுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான்: அம்மா காலமாகிவிட்டார், ஆகவே இந்த மாதம் படம் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறேன். இவள் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் போய்த் துக்கம் விசாரிச்சுட்டு வரணும்" என்றேன்.

"அவங்க ஊர்ல கூப்பிடாம யாரும் போக மாட்டாங்க. கார்டு அனுப்புவாங்க."

"சாவுக்குக் கூப்பிட்டா போவாங்க? நாம போறோம்."

என் மனதில் இருந்தது வேறு. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவன் உடைந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அம்மா போன வீட்டில் அவன் வித்தை பலிக்காது. அவனும் மற்றவர்களைப் போல முகம் வீங்கி, சொல்ல வார்த்தையில்லாமல் இருப்பான். அதை இவள் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் நான் இட்லியும் சாம்பாரும் எடுத்துக்கொண்டேன். அவன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டு, ஏதோ நாங்கள் வந்ததற்கு அவன்தான் காரணம் என்பது போல இரண்டு முறை சாரி சொன்னான். கையைக் கழுவிக்கொண்டு வந்து டீ போட்டான். நான் தரையைப் பார்த்து உட்கார்ந்தேன். துக்க வீட்டில் அப்படித்தான் உட்கார வேண்டும்.

இறுதிச் சடங்கு திங்கட்கிழமை காலையிலேயாம். அவனுடைய அண்ணன் தேதியைச் சொல்ல ஒரு நாள் தாமதித்துவிட்டான், அதற்குள் போய்ச் சேர விமானமும் கிடைக்கவில்லை. வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

"நான் அவளுடைய சடங்குக்கும் லேட்டாகத்தான் வருவேன் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்" என்றான், டீக்குச் சர்க்கரை போட்டபடி. "இப்போது ஜெயித்துவிட்டாள். இதைச் சொல்லிக் காட்ட முடியாமல் போனதே என்றுதான் அவளுக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும்."

என் மனைவி சிரித்தாள். துக்க வீட்டில். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, விக்கல் வந்தது. எனக்குக் கூசியது. அவன் இட்லியைப் பிட்டு வாயில் போட்டு, மெதுவாக மென்றான். மெல்லும்போதே அவன் தாடை நடுங்கியது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவள் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்து நின்றாள். நான் பார்க்க வந்த காட்சி அதுதான். கிடைத்தது. ஆனால் அதில் எனக்கு இடம் இல்லை.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். அந்த வழக்கம் அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது. காரில் உட்கார்ந்து ஜன்னல் வழியே அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள். பத்து நிமிடம் ஆனது. எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது.

அவள் வந்து ஏறினாள். கார் மோட்டார்வேயில் ஏறியதும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்களான்னு கேட்டார். எங்க ஊர்ல துக்க வீட்டுல சொல்லிட்டுக் கிளம்ப மாட்டோம்னு சொன்னேன். ரொம்ப நல்ல வழக்கம், எங்க ஊர்ல கிளம்பறதுக்கே வாசல்ல நின்னு அரை மணி நேரம் சாரி சொல்வோம்ங்கிறார்."

"செத்த வீட்டுல உன்னால எப்படிச் சிரிக்க முடியுது?" குரல் உயர்ந்துவிட்டது. "அவன் என்ன சொன்னாலும் சிரிப்பியா? பெத்தவ செத்துக் கிடக்கா, அதை வச்சு அவன் ஜோக் அடிக்கிறான், நீ பல்லைக் காட்டுற. உங்க அப்பா போனப்போ நான் ஒரு வருஷம் வாயத் திறந்தேனா?"

அவள் கைப்பையை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"அப்பா போய் அஞ்சாவது நாள் நான் டியூட்டிக்குப் போனேன்ல" என்றாள். "எல்லாரும் கார்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. அவர் மட்டும் வந்து, உங்க அப்பா எப்படிப்பட்டவர்னு கேட்டார். கஞ்சன்னு சொன்னேன். ஒரு பல்பு எரிஞ்சா இன்னொண்ணை அணைக்கச் சொல்வார்னு சொன்னேன். அதுக்கு அவர், 'அப்படியானால் உனக்கு விமானச் செலவு வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார், கடைசி வரை கொள்கை மாறாத மனுஷன்'னாரு. முகத்துல ஒண்ணும் இல்லாம. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சு, அப்படியே அழுகை வந்துடுச்சு. மருந்து ரூமுக்குள்ள போய் அரை மணி நேரம் அழுதேன். அவர் வெளியில நின்னுக்கிட்டார். யாரையும் உள்ளே விடலை. உள்ளே ஒரு ஜாம்பி இருக்கு, கடிச்சா நான் பொறுப்பில்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கார். அந்தப் பழக்கத்துலதான் ஒரு வருஷம் கழிச்சுப் படம் பார்க்க வான்னு கூப்பிட்டார்."

மாமனார் கஞ்சன் என்பது எனக்கும் தெரியும். பல்பு விஷயம் தெரியும். அவர் நடப்பது, செருப்பைக் கழற்றுவது, பால்காரனோடு சண்டை போடுவது எல்லாம் எனக்கு வரும். அவர் உயிரோடு இருந்தபோது அவள் எத்தனை தடவை செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர் போன அன்றிலிருந்து ஒரு தடவைகூட நான் அவரைச் செய்யவில்லை. அது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

சிரிப்பைத்தான் அவன் பறித்துக்கொண்டான் என்று ஒரு வருடமாக வெந்துகொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரம் எனக்குத் தெரியவே தெரியாது. அடுத்த அறையில் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டிருந்தவன் நான். அவள் அழுத கதவுக்கு வெளியே நின்றவன் அவன். வாழ்க்கையில் ஒருத்தர்மேல் எனக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை.

"என்கிட்ட ஏன் அழலை?" என்று கேட்டேன். "வீட்டுல நான் இருந்தேனே. எந்நேரமும் இருந்தேனே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க அவ்வளவு அமைதியா இருந்தீங்க. நான் வேற அழுதா, நீங்க இனிமே பேசவே மாட்டீங்களோன்னு பயமா இருந்துச்சு."